துண்டுக்கடியில் இருக்கும் விலை: பழைய பொருளை ஆன்லைனில் விற்கப்போகிறவர்களுக்கு

கோவை சிங்காநல்லூர் வீட்டைக் காலி செய்து அப்பார்ட்மெண்டுக்கு மாறும்போது அம்மாவின் கிரைண்டர்தான் பெரிய பிரச்சினையாக வந்து நின்றது. இரண்டு லிட்டர், சாய்த்து மாவு வழிக்கிற பழைய மாதிரி. புதுச் சமையலறையில் அதை வைத்தால் ஆள் நிற்க இடமில்லை. “கல்லு இன்னும் பத்து வருசம் தாங்கும், இரும்புக் கடைக்கு மட்டும் போட்டுராத கண்ணு” என்றார் அம்மா. சரி, ஆன்லைனில் விற்றுவிடலாம் என்று உட்கார்ந்தேன். படம் எடுத்தாயிற்று, விவரம் எழுதியாயிற்று. ‘விலை’ என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மற்றவர்கள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று தேடினேன். அதே மாதிரி கிரைண்டருக்கு ஒன்பது விளம்பரங்கள் கிடைத்தன. 1,000, 2,200, 2,800, 3,000, 3,500, 4,500, இன்னொரு 4,500, 5,500, 6,500. கூட்டி ஒன்பதால் வகுத்தால் 3,722 ரூபாய். கொஞ்சம் குறைத்து 3,700 என்று போட்டேன். மூன்று வாரத்தில் இரண்டே பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் “லாஸ்ட் எவ்ளோங்க?” என்று கேட்டுவிட்டுக் காணாமல் போனார். இன்னொருவர் கிரைண்டருக்குப் பதிலாகத் தன் பையனின் சைக்கிளை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

கூட்டலிலும் வகுத்தலிலும் தப்பில்லை. எதைக் கூட்டினேன் என்பதில்தான் தப்பு.

விற்றுப்போனது கண்ணில் படாது

விற்பனைத் தளத்தைத் திறந்ததும் நமக்குத் தெரிகிற விளம்பரங்கள் எல்லாம் இன்னும் விற்காதவை. சரியான விலை போட்டவருடைய பொருள் இரண்டு நாளில் போய்விடும், விளம்பரமும் போய்விடும். அதிக விலை போட்டவருடையது மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். எனவே எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் பட்டியலில் விற்காத விலைகள்தான் மொய்த்துக் கிடக்கும். அதைக் கூட்டிச் சராசரி எடுப்பது, பரீட்சையில் தோற்றவர்களை மட்டும் கூப்பிட்டு ‘எப்படிப் படித்தீர்கள்’ என்று கேட்பதைப் போன்றது.

சந்தைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையிலோ, ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தையிலோ நின்று பாருங்கள். மாட்டுக்காரர் வாயால் ஒரு விலை சொல்வார். அது ஊருக்குச் சொல்கிற விலை. அப்புறம் தரகர் வந்து, கையின் மேல் துண்டைப் போட்டு, துணிக்குள் விரலைப் பிடித்துப் பேசுவார். எத்தனை விரல், எந்த விரல் என்பது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். பக்கத்தில் நிற்கிற நமக்கு மாடு கைமாறியது தெரியும், எவ்வளவுக்கு என்பது தெரியாது.

ஆன்லைனிலும் அதேதான். பட்டியலில் இருப்பது வாயால் சொன்ன விலை. உள்ளே நடக்கிற சாட், அதன்பின் வருகிற போன், கடைசியில் வாசலில் நின்று பேசுகிற பேரம், இதெல்லாம் துண்டு. இதற்கு நேர் எதிரானது மஞ்சள். ஈரோட்டிலும் பெருந்துறையிலும் நடக்கிற மஞ்சள் ஏலத்தில் விரலி குவிண்டால் எவ்வளவு முதல் எவ்வளவு வரை போனது, கிழங்கு எவ்வளவுக்குப் போனது என்று செய்தித்தாளிலேயே வந்துவிடும். அது போன விலை. கிரைண்டருக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. வெளிநாட்டில் ஈபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகப் பார்க்கும் வசதி உண்டு. அதன் இந்தியத் தளத்தை 2018-ல் மூடிவிட்டார்கள். நாம் இங்கே பயன்படுத்துகிற ஓ.எல்.எக்ஸ்., பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்றவற்றில் பொருள் உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் துண்டுக்கடியில் இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நேராகப் பார்க்க வழியில்லை, ஊகிக்கலாம். உங்கள் பொருளைப் போன்ற ஏழெட்டு விளம்பரங்களைச் சேமித்து வையுங்கள். தாளில் விலையையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்தும் இரண்டு வாரம் கழித்தும் திறந்து பாருங்கள். எது போய்விட்டது, எது அப்படியே நிற்கிறது, எதில் விலை இறங்கியிருக்கிறது? காணாமல் போனவற்றின் விலையும், அதற்குக் கொஞ்சம் கீழேயும்தான் உங்கள் சந்தை. முதல் மூன்று வாரத்தை வீணடித்த பிறகுதான் நான் இதைச் செய்தேன். 2,200 இரண்டு நாளில் போயிருந்தது. 2,800 ஒரு வாரத்தில். 3,000 போட்டவருக்குப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. 3,500-ம் அதற்கு மேலே உள்ளவையும் அசையவே இல்லை. 6,500 போட்டவர் ஐந்து மாதமாக நிற்கிறார். அப்போது கடையில் அதே மாதிரி புதிது ஏறத்தாழ 7,000. அவர் விற்க வந்தாரா, கிரைண்டர் மேல் உள்ள பாசத்தை எழுதி வைக்க வந்தாரா என்று தெரியவில்லை.

விளம்பரம் காணாமல் போனால் விற்றுவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விற்பவர் மனம் மாறி எடுத்திருக்கலாம், காலக்கெடு முடிந்திருக்கலாம். ஒன்றை வைத்து முடிவு கட்டாமல் ஏழெட்டைப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

யார் போட்டி, யார் இல்லை

ஒன்பது விளம்பரம் என்றேன், அதில் எனக்கு உண்மையான போட்டி நான்குதான். இதைப் பிரித்துப் பார்ப்பதுதான் வேலையில் முக்கால்வாசி.

முதலில் 1,000 ரூபாய். அது விலையே இல்லை. பட்டியலில் மேலே வர வேண்டும் என்பதற்காக ஒரு எண்ணைப் போட்டுவிட்டு, உள்ளே ‘விலை போனில்’ என்று எழுதியிருந்தார். இன்னும் சில மலிவு விளம்பரங்கள் வெறும் தூண்டில். பொருளே இருக்காது, டோக்கன் அட்வான்ஸ் மட்டும் அனுப்பச் சொல்வார்கள். இந்த இரண்டு வகையையும் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். (இதன் மறுபக்கமும் உண்டு. விற்கிற நமக்கே ‘பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க’ என்று ஒருவர் வருவார். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் வேண்டும். கேட்டவுடன் போனை வைத்துவிடலாம்.)

5,500 போட்டவர் ரீகண்டிஷன் செய்து விற்கிற கடைக்காரர். ஆறு மாதம் வாரண்டி தருகிறார், மோட்டார் போனால் மாற்றித் தருகிறார். அவர் விற்கிற பொருள் கிரைண்டர் மட்டுமில்லை, நிம்மதியும் சேர்ந்தது. அந்த விலையைப் பார்த்து நான் ஆசைப்படக் கூடாது. காரிலும் இதே கதைதான். பழைய கார் வாங்கி விற்கிற நம்மூர் கன்சல்டிங்காரர் சொல்கிற விலையைத் தன் காருக்கும் எதிர்பார்க்கிற தனி ஆள் ஏமாந்துதான் போவார். கன்சல்டிங்கில் பேப்பர் மாற்றித் தருவார்கள், லோன் ஏற்பாடு செய்வார்கள், நாளைக்கு ஏதாவது என்றால் போய் நிற்க ஒரு இடம் இருக்கிறது. அந்த வசதிக்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை.

ஒரு 4,500 சேலத்தில் இருந்தது. கிரைண்டரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதைச் சேலத்திலிருந்து கோவைக்கு யாரும் கொண்டுவர மாட்டார்கள். கனமான பொருளுக்குப் போட்டி என்பது ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருப்பவர்தான். போன், புத்தகம், கேமரா லென்ஸ் என்றால் நிலைமை வேறு. கூரியரில் போகிற பொருளுக்கு டெல்லிக்காரரும் போட்டிதான்.

இன்னொரு 4,500 தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ‘டேபிள் டாப், பெட்டி பிரிக்கவில்லை, கல்யாணச் சீர்.’ முகூர்த்த மாதங்கள் முடிந்ததும் இந்த ஊரில் இப்படி விளம்பரங்கள் முளைக்கும். மூன்று உறவுக்காரர்கள் மூன்று மிக்சி வாங்கிக் கொடுத்திருப்பார்கள், இரண்டு வெளியே வரும். பழைய பொருள் விற்பவருக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது, ஏனென்றால் இது பழைய விலையில் வருகிற புதுப் பொருள். அந்தச் சமயத்தில் விற்காமல் ஒரு மாதம் தள்ளிப் போடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

மிச்சம் 2,200, 2,800, 3,000, 3,500. இந்த நான்கும்தான் என் வரிசை.

இதில் ஊர் எது என்பதும் விலையில் சேர்ந்திருக்கிறது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு வாங்கிய பொருள். புதிது செய்கிறவர்களும் இங்கேதான், பெல்ட் மாற்றுகிறவரும் கல் கொத்துகிறவரும் தெருவுக்கு ஒருவர். வாங்குபவருக்குப் பயம் குறைவு என்பது நமக்கு லாபம், பக்கத்துக் கடையில் புதிது மலிவாகக் கிடைக்கிறது என்பது நமக்கு நட்டம். வேறு ஊர்க்காரர் என்ன விலைக்கு விற்றார் என்று பார்த்து இங்கே விலை வைத்தால் இந்த இரண்டுமே கணக்கில் வராது.

ஒரு ரூபாய் இறக்குகிற ஆட்டம்

போட்டியாளர் 2,800 போட்டால் நாம் 2,799, அவர் 2,750, நாம் 2,700. முதல் தடவை விற்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 1883-லேயே ஜோசப் பெர்ட்ராண்ட் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இதன் முடிவைச் சொல்லிவிட்டார். ஒரே மாதிரிப் பொருளை இரண்டு பேர் விற்று, விலையை மட்டுமே வைத்து மோதினால், இருவரும் இறங்கி இறங்கி அடக்க விலையில் வந்து நிற்பார்கள்.

புதுப் பொருளுக்கு அடக்கம் என்று ஒரு தரை இருக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கிற கிரைண்டருக்கு என்ன அடக்கம்? போட்ட காசு என்றைக்கோ போய்விட்டது. எனவே இந்த ஆட்டம் அடிமாட்டு விலை வரைக்கும் போகும். அங்கே ஜெயிப்பது யார் என்றால், ஞாயிற்றுக்கிழமைக்குள் வாடகை வீட்டைக் காலி செய்தே ஆக வேண்டியவர். அவரோடு போட்டி போட்டு நாம் ஜெயிக்க முடியாது, தேவையும் இல்லை. அவரிடம் இருப்பது ஒரே ஒரு கிரைண்டர். அதை விற்றுவிட்டால் அவர் சந்தையை விட்டே போய்விடுவார். 2,200-க்குப் போட்டவர் இரண்டு நாளில் போன பிறகு, அடுத்து வருகிறவருக்குக் கண்ணில் படுவது 2,800 தான். பழைய பொருள் சந்தையில் நிறையப் போட்டியாளர்கள் ஒற்றைப் பொருள்காரர்கள். அவர்களை முந்துவதைவிட வழிவிடுவது சுலபம்.

கையில் சரக்கு வைத்திருப்பவர் வந்தால் கதை மாறும். திருப்பூரில் ஒரு சின்ன பனியன் யூனிட்டை மூடுகிறார்கள் என்று வையுங்கள். பத்து பவர் டேபிள் தையல் மிஷின், நாலு ஓவர்லாக் மிஷின், எல்லாம் ஒரே விளம்பரத்தில் வரும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது, விலை அங்கேயே நிற்கும். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிற ஒற்றை மிஷினை விற்க நினைத்தவர் இரண்டு வழியில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். அந்த யூனிட்காரர் விலைக்கே இறங்குவது, இல்லையென்றால் அந்தப் பத்தும் தீரும் வரை பொறுத்திருப்பது. மிஷின் ஒரு மாதத்தில் பழசாகிவிடாது, பொறுக்கலாம். போன் என்றால் பொறுக்கக் கூடாது. புது மாடல் வந்த அன்றைக்கே பழைய மாடல் இறங்கிவிடும்.

அடுத்தவர் விலையை மட்டுமே பார்த்து விலை வைப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கூத்து. 2011 ஏப்ரலில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உயிரியலாளர் மைக்கேல் ஐசன், அமேசானில் ஈக்களின் வளர்ச்சி பற்றிய ஒரு பழைய பாடநூலின் விலையைக் கவனித்தார். இரண்டு கடைகள் அதைப் புதுப் பிரதியாகப் பட்டியலிட்டிருந்தன. இரண்டுமே மனிதர் கை படாமல் புரோகிராம் வைத்து விலை மாற்றுகிறவை. ஒன்று தன் விலையை மற்றதன் விலையில் 0.9983 மடங்காக வைத்தது, அதாவது ஒரு துளி குறைவாக. மற்றது இதன் விலையில் 1.270589 மடங்காக வைத்தது. கையில் புத்தகமே இல்லாமல், ஆர்டர் வந்தால் முதல் கடையில் வாங்கி அனுப்பிக்கொள்ளலாம் என்ற கணக்கு போலும் என்று ஐசன் ஊகித்தார். ஒன்று குறைக்கிறது, மற்றது அதைவிடக் கூட்டுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டும் ஏறுகின்றன. யாரும் பார்க்காமல் விட்டதில் விலை 2,36,98,655 டாலர் 93 சென்ட் வரை போய் நின்றது. தபால் செலவு தனி.

ரொம்ப மலிவாகப் போட்டால் வருகிற கேள்வி

மூன்று வாரம் ஓடிய எரிச்சலில் ஒரு நாள் விலையை 1,500 ஆக்கிப் பார்த்தேன். அன்றைக்கு ஏழெட்டு பேர் கேட்டார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “என்ன ரிப்பேருங்க?” ஒன்றும் ரிப்பேர் இல்லை என்றால் நம்பவில்லை. “அப்புறம் ஏனுங்க இந்த வெலைக்குத் தர்றீங்க?”

அவர்கள் கேட்டது நியாயம்தான். பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எதையும் பாதிக் குறையோடுதான் மதிப்பிடுவார். அந்த விலைக்கு நல்ல பொருள் வைத்திருப்பவர் விற்க மாட்டார், சந்தையை விட்டு விலகிக்கொள்வார். மிச்சம் இருப்பது ஓட்டை உடைசல்தான், அதனால் விலை இன்னும் இறங்கும். பழைய கார் விற்பனையை வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் இதை எழுதினார். 2001-ல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோரோடு சேர்த்து அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. விற்காத சரக்கைப் பற்றிய அந்தக் கட்டுரையையே மூன்று இதழ்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின என்பது கூடுதல் சுவாரசியம்.

மாட்டுச் சந்தையில் இதற்காகத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள், நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள், சுழி பார்க்கிறார்கள். ஆன்லைனில் அதை நாமே முன்வந்து காட்ட வேண்டும். நான் பழைய படங்களை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு விளம்பரம் தொடங்கி, ஊறவைத்த அரிசி போட்டு ஓடுகிற கிரைண்டரை அரை நிமிட வீடியோவாகப் போட்டேன். சத்தம் கேட்க வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம். கல்லை வெளியே எடுத்து வைத்து ஒரு படம். மோட்டார் மேல் இருக்கும் தகட்டின் படம். டிரம்மின் அடியில் ஒரு நசுங்கல் இருந்தது, அதற்கும் தனியாக ஒரு படம். ‘போன வருசம் பெல்ட் மாற்றியது, வீடு மாறுவதால் விற்கிறோம்’ என்று ஒரு வரி. நசுங்கலைக் காட்டினால் விலை குறையுமே என்று தம்பி சொன்னான். எனக்கென்னவோ அந்த ஒரு படம்தான் மற்ற படங்களை நம்ப வைத்தது என்று தோன்றுகிறது.

ஒரே வரிசையில் நிற்கிற நால்வரில் இப்படிக் காட்டியவர் நூறு இருநூறு கூடுதலாகக் கேட்டாலும் கொடுப்பார்கள். பெர்ட்ராண்டின் கணக்குக்கு ‘ஒரே மாதிரிப் பொருள்’ என்ற நிபந்தனை வேண்டும். பழைய பொருளில் இரண்டு ஒரே மாதிரி கிடையாது, அதைக் காட்டுகிற வரைக்கும்தான் அவை ஒரே மாதிரித் தெரியும்.

எண்ணைப் போடுவது

இனி விலை வைப்பது சுருக்கமான வேலை. மேல் எல்லை, புதுப் பொருளின் இன்றைய கடை விலை. நீங்கள் வாங்கிய விலை இல்லை. கீழ் எல்லை, கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு என்ன தருகிறார்களோ அது. எனக்கு 800 சொன்னார்கள். போன் என்றால் பழைய போன் வாங்கும் ஆப்பில் உடனே ஒரு தொகை காட்டும், அதுதான் தரை. இந்த இரண்டுக்கும் நடுவில், காணாமல் போன விளம்பரங்கள் காட்டுகிற இடம் உங்கள் இடம். எனக்கு அது 2,200 முதல் 3,000.

இதற்குக் கீழே தர மாட்டேன் என்கிற விலையை விளம்பரம் போடுவதற்கு முன்பே தாளில் எழுதி வையுங்கள். வாசலில் ஆள் நின்று பணத்தை நீட்டும்போது கணக்குப் போட வராது. நான் 2,500 என்று எழுதினேன். கேட்கிற விலையில் பேரத்துக்கு இடம் விட வேண்டும். நம்மூரில் ‘ஃபிக்சட் ரேட்’ என்று எழுதினாலும் யாரும் படிப்பதில்லை, குறைத்துக் கேட்காமல் வாங்கினால் வாங்கிய மாதிரியே இருக்காது. பத்துப் பதினைந்து சதவீதம் போதும். அதற்கு மேல் ஏற்றினால் பேரத்துக்கே ஆள் வராது. முழு எண்ணைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் ‘3,000 வரை’ என்று வடிகட்டித் தேடினால் 3,100 போட்டவர் அந்தத் திரையிலேயே இருக்க மாட்டார். நான் 2,900-ஆ 3,000-ஆ என்று யோசித்து 3,000 போட்டேன்.

இரண்டாம் ஞாயிறு சூலூரிலிருந்து ஒருவர் டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்தார். வீட்டுக்காரம்மா வீடியோ காலில் கிரைண்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ஓடவிடச் சொன்னார், கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். “ரெண்டாயிரத்து ஐநூறு வெச்சுக்குங்கண்ணா” என்றார் இவர். நான் 2,900 என்றேன். 2,800-ல் முடிந்தது. எக்ஸெல்லின் முன்பக்கத்தில் கிரைண்டரை வைத்துக் கயிறு போட்டுக் கட்டினோம், கல்லைச் சாக்கில் சுற்றிப் பின்னால். அம்மா பால்கனியிலிருந்து தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

விற்ற சந்தோசத்தில் விளம்பரத்தை எடுக்க மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. புது விளம்பரத்தை மட்டுமில்லை, முதன்முதலில் போட்டு, 1,500-க்கு இறக்கி, திரும்பவும் 3,700-க்கே ஏற்றி வைத்திருந்த பழையதையும் அப்படியே விட்டிருந்தேன். இடையில் கோவையில் கிரைண்டர் விற்க உட்கார்ந்த யாரோ ஒருவர் அதையும் சேர்த்துத்தான் சராசரி எடுத்திருப்பார்.